இம்பாலாவுக்கு கேம் மாற்றினேன், இப்போது டி-யில் போட்டாலே எஞ்சின் ஆஃப்

எல்லோருக்கும் வணக்கம். பெரியப்பா விட்டுச் சென்ற 1970 செவ்ரோலே இம்பாலா கார். 350 கன அங்குல வி8, டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் ஆக்சில் 3.08. எஞ்சினைப் பிரித்தபோது ஆசை யாரை விட்டது, பெரிய கேம்ஷாஃப்டாக (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு, சுருக்கமாக கேம்) வாங்கிப் போட்டுவிட்டேன். 0.050 அங்குல லிஃப்டில் டியூரேஷன் (வால்வைத் திறந்து வைக்கும் அளவு) 230 டிகிரி, லோப் இடைவெளி 110 டிகிரி. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் மட்டும் பழையதே.

நியூட்ரலில் 900 ஆர்பிஎம்மில் அழகாக உறுமுகிறது. டி-யில் (டிரைவ்) போட்டதும் 550க்கு விழுந்து, ஒரு குலுக்கல், அப்புறம் மௌனம். நேற்று ஜெமினி மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் மூன்று முறை நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது. எஞ்சின் உறிஞ்சும் வேக்குவம் 10 அங்குலம்தான் காட்டுகிறது, பிரேக்குக்கு உதவ அது போதாமல் மிதி கல்லாக இருக்கிறது.

இந்த கேம் 2,000க்கு மேல்தான் உயிர் பெறும், பழைய கன்வெர்ட்டர் அதற்கு முன்பே பிடித்துவிடுகிறது, அது வரை புரிகிறது. 2,500 அல்லது 2,800 ஸ்டால் (அழுத்திப் பிடிக்கத் தொடங்கும் ஆர்பிஎம்) உள்ள கன்வெர்ட்டர் போடவா, இல்லை 210 டிகிரி கேமுக்கு இறங்கவா? ஸ்டாலைக் கூட்டினால் நம்ம ஊர் வெயிலில், ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் கியர் ஆயில் கொதிக்குமே, தனி கூலர் எவ்வளவு பெரியது வேண்டும்? புதுப்பேட்டை கார் பாகக் கடைகளில் கேட்டால் "மேனுவலா மாத்திடுங்க சார்" என்கிறார்கள். அது மட்டும் வேண்டாம். கன்வெர்ட்டரை வெட்டித் திறந்து சரிசெய்பவர் சென்னையில் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.