டெஸ்ட் ரிப்போர்ட்டில் உள்தள்ளல் எங்கே உடைகிறது? அனுபவப் பகிர்வு

கோடுபோட்ட நோட்டு:
ஃபெயில் ஆன டெஸ்ட்டின் மெசேஜை 4 ஸ்பேஸ் தள்ளிக் காட்டணும். அடிக்கடி கண்ணில் படும் பிழை, அந்த 4 ஸ்பேஸை மெசேஜின் தலையில் ஒரே ஒரு தடவை ஒட்டிவிடுவது. ஸ்டாக் ட்ரேஸ் (பிழை எந்த ஃபங்ஷன்கள் வழியாக வந்தது என்ற பல வரிப் பட்டியல்) வந்ததுமே முதல் வரி மட்டும் உள்ளே நிற்கும், மற்றதெல்லாம் இடது ஓரத்துக்குப் போய்விடும். வரி வரியாகப் பிரித்துத்தான் தள்ளணும். பைத்தானின் டெக்ஸ்ட்ராப் மாட்யூலில் இருக்கும் இண்டென்ட் ஃபங்ஷன் இதைச் செய்கிறது, ஆனால் வெற்று வரிகளைத் தொடாது. முன்னொட்டு வெறும் ஸ்பேஸ் என்றால் அதுவே நல்லது. '| ' மாதிரி கோடு போட்டால் வெற்று வரியில் கோடு அறுந்து தெரியும். அப்போது இண்டென்ட்டுக்கு மூன்றாவது ஆர்கியுமென்ட்டாக எப்போதும் ட்ரூ தரும் லாம்டாவை (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்) கொடுங்கள், வெற்று வரியிலும் கோடு வரும்.

டேப் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டேப் என்பது 8 ஸ்பேஸ் இல்லை, 8-ன் அடுத்த மடங்குக்குத் தாவுவது. 3 எழுத்துப் பெயரும் 5 எழுத்துப் பெயரும் டேப்புக்குப் பிறகு 8-ல்தான் நிற்கும். முன்னால் 4 ஸ்பேஸ் சேர்த்தால் முதலாவது 7-லிருந்து 8-க்குப் போகும், இரண்டாவது 9-லிருந்து 16-க்குப் போகும். நேராக நின்ற பத்தி பிளந்துவிடும். அதனால் முதலில் டேப்பை ஸ்பேஸாக விரித்துவிட்டு, அப்புறம் தள்ளுங்கள்.

நள்ளிரவு பில்ட்:
டி.ஏ.பி. என்பது டெஸ்ட் முடிவுகளை வரிக்கு ஒன்றாக 'ஓகே', 'நாட் ஓகே' என்று எழுதும் வடிவம். அதில் தள்ளலுக்கே பொருள் உண்டு. 14-ம் பதிப்பில் சப்டெஸ்ட் (ஒரு டெஸ்ட்டுக்குள் வரும் துணை டெஸ்ட்) 4 ஸ்பேஸ் உள்ளே வரும், யாம்ல் விவரம் ('பெயர்: மதிப்பு' என்று எழுதும் கூடுதல் தகவல்) 2 ஸ்பேஸ் உள்ளே. டி.ஏ.பி.யின் லினக்ஸ் கெர்னல் வகையான கே.டி.ஏ.பி.யில் சப்டெஸ்ட்டுக்கே 2 ஸ்பேஸ்தான். இரண்டையும் ஒரே பார்ஸரில் (ரிப்போர்ட்டைப் படித்துப் பிரிக்கும் நிரல்) போட்டால் குழப்பம்தான். 13-ம் பதிப்பை மட்டும் அறிந்த பார்ஸர் தள்ளிய வரியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டு, வெளியே இருக்கும் தாய் வரியை மட்டும் எண்ணும்.

சோதிக்கப்படும் புரோகிராம் தானே எதையாவது அச்சிட்டு, கடைசியில் புதுவரி போடாமல் விட்டால், அடுத்த 'ஓகே' வரி அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு டெஸ்ட் காணாமல் போகும், ரிப்போர்ட் அறிவித்த மொத்த டெஸ்ட் எண்ணிக்கையோடு பொருந்தாது. அந்த வெளியீட்டைத் தனியாகப் பிடித்து, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் # (வெறும் குறிப்பு வரி என்ற அடையாளம்) போட்டு அனுப்புவதே பாதுகாப்பு.

யாம்ல் உள்ளேயும் ஒரு பொறி இருக்கிறது:

```
  ---
  வெளியீடு: |
          பெயர்   தொகை
    அரிசி   52
  ...
```

முதல் வரி 10 ஸ்பேஸில் தொடங்குவதால் தொகுதியின் தள்ளலே 10 என்று பார்ஸர் எடுத்துக்கொள்கிறது. 4 ஸ்பேஸில் வரும் 'அரிசி' வரியில் தொகுதி முடிந்துபோய்ப் பிழை வரும். | இருக்கும் இடத்தில் |2 என்று எழுதினால், தாய் வரிக்கு மேல் 2 ஸ்பேஸ் மட்டுமே தள்ளல், மிச்சம் எல்லாம் உள்ளடக்கம் என்று புரிந்துகொள்ளும். ரிப்போர்ட் எழுதும் நிரலில் எப்போதுமே |2 போட்டுவிடுங்கள், முதல் வரி எப்படி வரும் என்று யாருக்குத் தெரியும்?

எக்ஸ்.எம்.எல். பக்கம்:
ஜேயூனிட் எக்ஸ்.எம்.எல்.-ல் (டெஸ்ட் முடிவுகளை டேகுகளால் எழுதும் ஃபைல் வடிவம்) பல வரி மெசேஜை ஆட்ரிபியூட்டில், அதாவது டேகுக்குள்ளேயே எழுதும் மதிப்பில், வைக்காதீர்கள். ஆட்ரிபியூட்டில் நேரடியாக இருக்கும் புதுவரியையும் டேப்பையும் பார்ஸர் ஸ்பேஸாக மாற்றிவிடும், அது விதி. ஆட்ரிபியூட்டில் ஒரு வரிச் சுருக்கம், முழு ட்ரேஸ் ஃபெயிலியர் எலிமென்ட்டின் உள்ளே என்று பிரியுங்கள். வேறு வழியில்லை என்றால் புதுவரியை 
 என்று எழுதணும். டெர்மினல் கலர் குறிகளையும் நீக்கிவிடுங்கள்: 27-ம் எண் எழுத்துக்கு எக்ஸ்.எம்.எல். 1.0-ல் இடமே இல்லை. ஒன்று தப்பி உள்ளே வந்தாலும் முழு ஃபைலையும் பார்ஸர் நிராகரிக்கும்.

கோடுபோட்ட நோட்டு:
எச்.டி.எம்.எல். ரிப்போர்ட்டில் முதல் வரி மட்டும் வலப்பக்கம் தள்ளி நிற்கிறதா? டெம்ப்ளேட்டில் 'ப்ரீ' டேகைத் திறந்து, அடுத்த வரியில் அழகுக்காக ஸ்பேஸ் விட்டு வேரியபிளை எழுதியிருப்பார்கள். அந்த ஸ்பேஸும் உள்ளடக்கமாகிவிடும். டேகை ஒட்டியே வேரியபிளை எழுதுங்கள்.

மெய்யெழுத்து:
டெஸ்ட் பெயர்கள் தமிழில் இருந்தால், பின்னால் ஸ்பேஸ் சேர்த்துக் கேட்ட அகலத்துக்கு நிரப்பும் பைத்தானின் எல்ஜஸ்ட்டை நம்ப முடியாது. 'தமிழ்' கண்ணுக்கு 3 எழுத்து, பைத்தானுக்கு 5: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. 20 அகலம் கேட்டால் 15 ஸ்பேஸ்தான் சேரும், அடுத்த பத்தி முன்னாடியே தொடங்கிவிடும். யூனிகோடில் எழுத்துக்கூட்டமாக (குறியையும் புள்ளியையும் சேர்த்து ஒரே எழுத்தாக) எண்ணினாலும் ஃபான்ட்டில் 'ணௌ' பிடிக்கும் அகலமும் 'ர' பிடிக்கும் அகலமும் ஒன்றில்லை. ஆகவே டெக்ஸ்ட் ரிப்போர்ட்டில் நிலையையும் நேரத்தையும் முன்னால் போட்டு, தமிழ்ப் பெயரைக் கடைசிப் பத்தியில் வையுங்கள். அதற்குப் பின்னால் எதையும் நேராக நிறுத்த வேண்டிய தேவையே வராது.