ஊட்டியில் வனவிலங்கு உயிரியலா, கோவையில் பயோடெக்கா?

கூடலூர் பொண்ணு:
பிளஸ் டூ பயாலஜி குரூப் முடித்துவிட்டேன். நீட் மார்க் கைகொடுக்கவில்லை, திரும்ப எழுத வீட்டில் வசதியும் இல்லை. உதகை அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் கிடைக்கும் போலிருக்கிறது. கோவையில் தனியார் கல்லூரியில் பயோடெக் சேர், அதற்குத்தான் மவுசு என்கிறார் மாமா. அப்பாவோ, "யானையைப் பார்க்க எதுக்கும்மா படிப்பு? அதுதான் நம்ம எஸ்டேட் லைன் வீட்டுக்கே வருதே" என்கிறார். படித்தவர்கள் சொல்லுங்களேன்.

மசினகுடிக்காரி:
நான் அங்கே அந்தப் படிப்புதான் படித்தேன் தங்கச்சி. உங்க அப்பா பேச்சில் பாதி நியாயம் இருக்கிறது. யானையைப் பார்ப்பது இந்த வேலையே இல்லை. நான் முதலில் சேர்ந்த புராஜெக்ட்டில் எனக்குக் கொடுத்தது புலி, சிறுத்தை போட்ட எச்சம், அது எதைத் தின்றது என்று கண்டுபிடிக்க. வெயிலில் காயவைத்து, சல்லடையில் போட்டுக் குழாயடியில் அலசினால் எலும்புத் துண்டும் முடியும் மிஞ்சும். அந்த முடியை ஸ்லைடில் வைத்து, அதன் நடுவில் ஓடும் மெடுல்லா என்கிற உள்தண்டு எப்படி இருக்கிறதென்று பார்த்து, தின்றது புள்ளிமானா கடமானா என்று எழுத வேண்டும். மத்தியானம் சாப்பாடு இறங்காது. ஒரு வாரத்தில் இறங்கிவிடும். மீதி நேரமெல்லாம் எக்செல்தான்.

சம்பளத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். புராஜெக்ட் வேலை ஒப்பந்த வேலை. பணம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. நிலைத்து நிற்க எம்.எஸ்ஸி., அதோடு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு வேண்டும். அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் 2023இலிருந்து மாதம் 37,000 ரூபாய். ஆனால் நெட் தேர்வில் புலியைவிட மரபியலும் உயிர்வேதியியலும்தான் அதிகம் வரும், அந்த வகுப்புகளுக்கு மட்டம் போடாதே. எம்.எஸ்ஸி.க்கு டேராடூன் வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையம்) இரண்டையும் மனதில் வை. பக்கத்திலேயே ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

முக்கியமான ஒன்று: பட்டத்தில் விலங்கியல் என்று அச்சாகுமா, வனவிலங்கு உயிரியல் என்றா என்று சேரும் முன்பே ஆபீசில் கேள். ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப்பணி) தேர்வு எழுதத் தகுதியான பட்டப் பாடங்களின் பட்டியலில் விலங்கியல், தாவரவியல், வேதியியல், வனவியல் எல்லாம் உண்டு; பயோடெக் என்ற பெயர் இல்லை. அரசு வேலையில் இந்தப் பெயர்ச் சண்டை கடைசிவரை துரத்தும். மாமாவிடம் இதைச் சொல்.

குன்னூர் மைக்ரோ:
மாமாவை ஒரேயடியாகக் கழற்றிவிடாதீர்கள். நான் மைக்ரோபயாலஜி, தடுப்பூசி கம்பெனியில் க்யூ.சி., அதாவது தரப் பரிசோதனை. கிருமி வளர்க்கும் மீடியாவை ஊற்றி, பிளேட்டை இன்குபேட்டரில் வைத்து, மறுநாள் அதில் முளைத்த கிருமிக் காலனிகளை எண்ணுவது. அதைவிட அதிக நேரம் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது. அலுப்புதான், ஆனால் மாசம் பிறந்தால் சம்பளம். பயோடெக் படித்தவர்களும் பெரும்பாலும் இங்கேதான் வருகிறார்கள். ஆராய்ச்சி என்றால் அவர்களுக்கும் எம்.எஸ்ஸி. வேண்டும். மலையில் லேப் கிடையாது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இலிருந்து இங்கேயே இருக்கிறது, நாய்க்கடி ஊசிக்காக ஆரம்பித்தது.

கோத்தகிரி டீச்சர்:
டீச்சர் வேலைக்கும் வரலாம்: விலங்கியல், அப்புறம் பி.எட்., அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு, அரசுப் பள்ளி என்றால் அதற்கு மேல் ஒரு போட்டித் தேர்வு. போஸ்டிங்குக்குக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

கூடலூர் பொண்ணு:
நன்றி அக்கா. பெண்களைக் காட்டு வேலைக்கு எடுப்பார்களா? அப்பா அடுத்து அதைத்தான் கேட்பார்.

மசினகுடிக்காரி:
எடுப்பார்கள். என் டீமில் பாதிப் பேர் பெண்கள்தான். வனத்துறை வாட்சர் அண்ணன் துணை இல்லாமல் ஆணோ பெண்ணோ யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அப்பாவை ஒருநாள் கல்லூரிக்குக் கூட்டிப் போய் சீனியர் பெண்களிடம் பேசவிடு. கவுன்சிலிங் தேதியைத் தவறவிடாதே, சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இப்போதே வாங்கி வை.