புதுப்பிப்பு: கேட்ரிட்ஜ் ஒழுகல் நின்றுவிட்டது

வீட்டில் மை நிரப்பிய, பிரிண்டரின் கறுப்பு கேட்ரிட்ஜ் (மைப்பெட்டி) ஒழுகி, மகளின் ப்ராஜெக்ட் தாள்கள் பாழானதைப் போன மாதம் எழுதியிருந்தேன். தவறு என்னுடையதுதான். 10 மில்லியை ஒரே அழுத்தாக ஏற்றியிருந்தேன். உள்ளிருக்கும் பஞ்சு அவ்வளவு தாங்கவில்லை.

இந்த முறை ஊசியைப் பஞ்சின் அடிவரை இறக்கி, சொட்டுச் சொட்டாக 5 மில்லி. துளையில் மை பளபளவென்று எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, கொஞ்சம் திரும்ப உறிஞ்சினேன். அப்புறம் நாலாக மடித்த டிஷ்யூவில் கேட்ரிட்ஜின் மை வரும் முனையை ஒற்றினேன். முதலில் திட்டாகப் பரவியது, மூன்றாவது ஒற்றலில் நேர்க்கோடாக விழுந்தது. மேலே இருக்கும் காற்றுத்துளையை மட்டும் டேப்பால் அடைத்துவிடாதீர்கள், மை இறங்காது.

செங்கோட்டையில் இப்போது சாரல், தாளெல்லாம் நமுத்துக் கிடக்கிறது. ஆனாலும் பத்து நாளாக ஒரு பொட்டு சிந்தவில்லை. புனலூர் அண்ணன் கேட்ட கலர் கேட்ரிட்ஜை அடுத்த வாரம் பார்க்கிறேன்; அதன் உள்ளே எந்த அறையில் எந்த நிற மை என்று குச்சி விட்டுப் பார்த்த பிறகுதான் ஊசி.