சுசான் லெங்லன் பற்றி பிள்ளை மேடையில் பேசலாமா?

சூரமங்கலம் அப்பா:
வணக்கம். என் மகள் எட்டாவது படிக்கிறாள், டென்னிஸ் ஆடுகிறாள். பழைய வீராங்கனை ஒருவரைப் பற்றிப் பேசிவிட்டு வரும்படி பள்ளியில் சொன்னதும், பிரெஞ்சு ஓப்பன் மகளிர் கோப்பையில் பேர் இருக்கிறதே என்று பிரான்ஸ் வீராங்கனை சுசான் லெங்லனைப் பிடித்துக்கொண்டாள். ஆறு முறை விம்பிள்டன் ஒற்றையர், 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் தங்கம், எல்லாம் சரி. ஆனால் 1921ல் அமெரிக்காவில் பாதி ஆட்டத்தில் போய்விட்டார், 1926ல் விம்பிள்டனில் இங்கிலாந்து ராணியையே காக்க வைத்தார், அப்புறம் காசுக்கு ஆடப் போனார் என்றும் வருகிறது. வேறு ஆளை எடுக்கச் சொல்லட்டுமா?

அஸ்தம்பட்டி டிரில் மாஸ்டர்:
மாற்றவே வேண்டாம் தம்பி. சின்ன வயதில் உடம்பு சுகமில்லாத பிள்ளை அது, அதற்காகத்தான் அப்பா மட்டையைக் கையில் கொடுத்தார். மைதானத்தில் கைக்குட்டையைப் போட்டு அதன்மேல் பந்து விழுகிற வரைக்கும் அடிக்க வைப்பாராம். 1914ல், 15 வயதில், பாரிஸ் பக்கத்தில் நடந்த உலகக் கடினத்தரைப் போட்டியை ஜெயித்தார். உடனே போர் வந்து, நன்றாக ஆட வேண்டிய வருடங்கள் போய்விட்டன. 1919ல்தான் முதல் விம்பிள்டன். எதிரே ஏழு முறை சாம்பியனான லாம்பர்ட் சேம்பர்ஸ். எதிராளி இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே முடிந்துவிடும் என்ற நிலையை, அதாவது மேட்ச் பாயின்டை, இரண்டு முறை தாண்டி 10-8, 4-6, 9-7 என்று ஜெயித்தார்.

1921 பற்றிச் சொல்கிறேன். போரில் சிதைந்த பிரான்ஸ் பகுதிகளுக்கு நிதி திரட்டக் கண்காட்சி ஆட்டங்கள் ஆட ஒப்புக்கொண்டு போனவர், கப்பலிலேயே உடம்பு கெட்டு, இறங்கிய சில நாளில் அமெரிக்க சாம்பியன்ஷிப் களத்துக்கு வந்தார். பலமான ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே மோதாதபடி பிரித்து வைக்கிற சீடிங் அப்போது அங்கே கிடையாது, இரண்டாம் சுற்றிலேயே அமெரிக்க சாம்பியன் மோலா மல்லோரி. முதல் செட் 2-6 போனது, இருமல் தாங்காமல் அடுத்த செட் தொடக்கத்தில் நிறுத்தினார். போருக்குப் பிறகு 1926 வரை அமெச்சூர், அதாவது சம்பளம் இல்லாமல் ஆடுகிற, ஒற்றையரில் அவர் தோற்றது அது ஒன்றுதான். அடுத்த வருடம் விம்பிள்டன் இறுதியில் அதே மல்லோரியை 6-2, 6-0. காய்ச்சலோடு களத்தில் நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அதைப் பயந்து ஓடினது என்று யாரும் சொல்லக்கூடாது.

மேல ஏற்காடு:
காசு விஷயத்தை நான் சொல்கிறேன் அண்ணா, அதில்தான் எனக்குக் கோபம் அதிகம். இங்கே எஸ்டேட் பங்களா ஒன்றில் துரைமார் டென்னிஸ் ஆட, என் தாத்தா பந்து பொறுக்கினார். வீட்டில் சொத்து இருந்தவனால் சம்பளம் இல்லாமல் வருடம் முழுக்க ஆட முடிந்தது, அதையே அமெச்சூர் கௌரவம் என்று விதியும் ஆக்கிவிட்டார்கள். லெங்லன் ஆடினால் கூட்டம் அலைமோதும், 1922ல் விம்பிள்டன் பெரிய இடத்துக்கு மாறினதற்கு அந்தக் கூட்டமும் ஒரு காரணம். டிக்கெட் பணம் சங்கத்துக்குப் போனது, ஆடினவருக்கு ஒன்றும் இல்லை. பிறருக்கு லட்சக்கணக்கில் சம்பாதித்துக் கொடுத்தும் தன் கையில் மிஞ்சவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 1926ல் அமெரிக்காவில் போட்டிகள் நடத்துகிற சி.சி. பைல் 50,000 டாலர் தருகிறேன் என்றதும் போனார், அமெரிக்க வீராங்கனை மேரி பிரவுனோடு 38 ஆட்டம், 38லும் வெற்றி. அதற்கான விலை, பெரிய போட்டிகளின் கதவு அவருக்கு மூடியது. தொழில்முறை ஆட்டக்காரர்களை விம்பிள்டன் உள்ளே விட்டது 1968ல். அவரோ 1938லேயே, 39 வயதில் ரத்தசோகை நோயால் இறந்துவிட்டார்.

ஐந்து ரோடு ரசிகன்:
எல்லாம் சரிங்க, ஆனால் ராணி விஷயத்தை மறைக்கச் சொல்லாதீர்கள். ராணி மேரி வந்து உட்கார்ந்திருந்தார், இவர் தாமதமாக வந்தார், அது நடந்தது. நேரம் மாற்றின தகவல் தனக்குச் சரியாக வரவில்லை என்பது அவர் பக்கம். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன, கூட்டமும் திரும்பியது, அந்தப் போட்டியிலிருந்தே விலகினார். கோபக்காரர்தான், ஆட்டத்துக்கு நடுவில் பிராந்தி குடித்தவர்தான். பிள்ளை இதையும் சேர்த்தே பேசட்டும், கேட்கிறவர்கள் நம்புவார்கள்.

சூரமங்கலம் அப்பா:
ரொம்ப நன்றி, பிராந்தியை மட்டும் விட்டுவிடுகிறோம். பாதியில் விடுகிறவர் இல்லை என்று காட்ட ஓர் ஆட்டம் சொல்லுங்களேன் மாஸ்டர், 1919 தவிர.

அஸ்தம்பட்டி டிரில் மாஸ்டர்:
1926 பிப்ரவரி, பிரான்ஸின் கான் நகரம், எதிரே அமெரிக்க வீராங்கனை ஹெலன் வில்ஸ். முதல் செட் 6-3. இரண்டாவதில் 6-5, மேட்ச் பாயின்ட், வில்ஸ் அடித்த பந்துக்கு 'அவுட்' என்று குரல் கேட்டது. இருவரும் கை குலுக்கியாகிவிட்டது, ஜனம் உள்ளே இறங்கிவிட்டது. அப்போது கோட்டு நடுவர் வந்து, குரல் தன்னுடையது இல்லை, பந்து உள்ளேதான் விழுந்தது என்றார். களைத்துப் போயிருந்தவர் மறுபடி நின்று ஆடினார். அந்த கேமை இழந்து 6-6 ஆனது, அப்புறமும் விடாமல் 8-6 என்று முடித்தார். மகளை இதிலிருந்தே பேச்சை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.