நியூ கலிடோனியா: சதவீதத்துக்கு முன் பட்டியலைப் பாருங்கள்

பசிபிக் கடலில் பிரான்ஸின் ஆளுகையில் உள்ள நியூ கலிடோனியா தனிநாடாக வேண்டுமா என்று 2018 முதல் 2021 வரை மூன்று முறை வாக்கெடுப்பு நடந்தது. ‘விடுதலை வேண்டாம்’ என்றவர்கள் 2018-இல் 56.67%, 2020-இல் 53.26%, 2021-இல் 96.5%. கடைசி எண்ணை மட்டும் பார்த்து, அங்குள்ள பூர்வகுடிகளான கனாக் மக்களின் விடுதலைக் கோரிக்கை ஓய்ந்துவிட்டது என்று எழுதுவது பெரும்பிழை. முதலில் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள்.

அங்கே பட்டியல்கள் மூன்று. பிரெஞ்சு அதிபர் தேர்தலுக்குப் பொதுப் பட்டியல், மாகாணத் தேர்தலுக்குத் தனி, விடுதலை வாக்கெடுப்புக்கு வேறு. கனாக் வழக்காற்றுச் சட்டத்துக்கு (அவர்களின் மரபுவழிச் சட்டம்) உட்பட்டவர்களுக்கு மூன்றாவதில் இடம் உண்டு. வெளியிலிருந்து வந்து குடியேறியவர் 2014 டிசம்பர் 31-க்குள் தொடர்ந்து 20 ஆண்டு வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். படிப்புக்கோ மருத்துவத்துக்கோ வெளியே போன காலம் அந்தத் தொடர்ச்சியை முறிக்காது.

• • •

பட்டியலைப் பற்றி இன்னொன்று. பொதுப் பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வாக்கெடுப்புப் பட்டியலிலும் இடமில்லை. முழுத் தகுதி இருந்தும் பல கனாக்குகள் விடுபட்டது இதனால்தான். தானாகவே பெயர் சேர்க்க 2018-இல் சட்டம் திருத்த வேண்டியதாயிற்று.

தூரமும் ஒரு தடை. லாயல்டி தீவுக்காரர்கள் பலர் பிழைப்புக்காகத் தலைநகர் நூமெயாவில் இருக்கிறார்கள். அவர்களுக்காக அங்கேயே தனி வாக்குச்சாவடிகள் வைத்தார்கள், நல்ல ஏற்பாடு.

• • •

2021-இல் உடைந்தது எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வாக்கெடுப்புகளைக் கேட்க, 54 பேர் கொண்ட காங்கிரஸில் (நியூ கலிடோனியாவின் சட்டமன்றம்) மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 18 பேர் எழுதிக் கொடுத்தால் போதும். தேதி குறிப்பது மட்டும் பாரிஸ், அதாவது பிரெஞ்சு அரசு. டிசம்பர் 12 என்று குறித்த பிறகு, செப்டம்பரில் கொரோனா தீவுக்குள் பரவியது. இறந்தவர்களில் பெரும்பான்மையோர் கனாக்குகளும் பிற பசிபிக் தீவினரும். கனாக் மரபுத் தலைவர்களின் அவையான வழக்காற்று செனட் ஓராண்டுத் துக்கம் அறிவித்தது. துக்க வீட்டு வாசலில் போய் யார் ஓட்டுக் கேட்பது? தள்ளிவைக்கக் கேட்டார்கள், பாரிஸ் மறுத்தது, விடுதலைத் தரப்பு புறக்கணித்தது. 2020-இல் 85.7 ஆக இருந்த வாக்குப்பதிவு சதவீதம் 43.87-க்கு இறங்கியது.

குறைந்தபட்ச வாக்குப்பதிவு இவ்வளவு என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆகவே முடிவு சட்டப்படி செல்லும். ஆனால் கனாக்குகளில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. 1987-இல் நடந்த வாக்கெடுப்பிலும் புறக்கணிப்புக்கு நடுவே ‘பிரான்ஸோடு’ என்று 98% வந்தது. எட்டு மாதத்துக்குள் லாயல்டி தீவுகளில் ஒன்றான உவெயாவில் ரத்தம் சிந்தியது. இம்முறை, 10 ஆண்டு குடியிருந்தவர்களையும் மாகாணத் தேர்தல் பட்டியலில் சேர்க்க பாரிஸ் முயன்றபோது, 2024 மே 13 அன்று நூமெயா பற்றி எரிந்தது.