புதுப்பிப்பு: 46 வயதில் பி.ஏ., முதல் வருடம் முடிந்தது

போன வருடம் இங்கே கேட்டிருந்தேன்: பிள்ளைகள் இருவரும் வளர்ந்துவிட்டார்கள், மும்பை செம்பூரில் வீட்டோடு இருக்கிறேன், பாதியில் விட்ட பட்டப்படிப்பை இனி படிக்கலாமா என்று. "இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) வயது வரம்பு இல்லை, சேருங்கள்" என்றீர்கள். சேர்ந்துவிட்டேன்.

மூன்று வருடப் படிப்பை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு என்பதுதான் தைரியம் தந்தது. பாடம் பயமுறுத்தவில்லை, கைதான் பயமுறுத்தியது. இருபது வருடமாக மளிகைச் சீட்டைத் தவிர எதுவும் எழுதாத கை! மூன்று மணி நேரத் தேர்வில் முதல் மணி நேரத்திலேயே விரல் மரத்துவிட்டது. அப்புறம் தினமும் சமையல் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து நாலு பக்கம் எழுதிப் பழகினேன்.

வீட்டிலேயே எழுதித் தரும் அசைன்மென்ட்டுக்கு 30 சதவீத மதிப்பெண், தேர்வுக்கு 70. எனவே அசைன்மென்ட்டை அலட்சியம் செய்யாதீர்கள். நான் அடித்த கூத்து வேறு: முந்தைய வருட அசைன்மென்ட் கேள்விகளுக்கு முப்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். "அம்மா, இது பழசு" என்று மகள்தான் கண்டுபிடித்தாள். எல்லாம் மறுபடி.

ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் லேடீஸ் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால் அரைப் பாடம் ஓடும். நின்றால் ஒன்றும் நடக்காது.

மாமியார் என்ன சொன்னார் என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். படிப்பைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தேர்வு நாளெல்லாம் தயிர்சாதம் கட்டி வைத்திருந்தார்.

பொருளாதாரத் தாள் மட்டும் போய்விட்டது. சரி, டிசம்பரில் மறுபடி எழுதுகிறேன்.