தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு 2015: விவரம் அறிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, வணக்கம். திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் கேரளத்தில் வீடு வீடாகச் சென்று புலம்பெயர்வு ஆய்வைத் தொடங்கியது. யார் எந்த நாட்டில் இருக்கிறார், எவ்வளவு பணம் அனுப்புகிறார், திரும்பி வந்தவரின் நிலை என்ன என்பதெல்லாம் அதில் பதிவாகின. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது தொடர்வதால், வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான நலத்திட்டங்களை ஊகத்தில் வகுக்க வேண்டிய நிலை அங்கே இல்லை. பெரிய கொடை அது!

அதே மையத்தின் துணையோடு 2015-இல் தமிழ்நாட்டிலும் ஆய்வு நடந்தது. அதன் மாவட்டவாரி அட்டவணைகள் எங்கே கிடைக்கும்? வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியத்தின் திட்டங்களில் அந்தத் தரவு பயன்பட்டதா? களப்பணியில் இருந்தவர்கள் யாரேனும் இருந்தால் அவசியம் எழுதுங்கள். வளைகுடாவிலிருந்து திரும்பிய தொழிலாளர்களுக்காக ஒரு கோரிக்கை மனு தயாரிக்கிறோம். உறுதியான எண்கள் இல்லாமல் அதைக் கொடுக்க மனம் வரவில்லை.